திட்ட மேலாண்மை மென்பொருளில் நாளும் கெடுவும்: மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

திட்ட மேலாண்மை மென்பொருளில் ஒரு பணிக்கு உரிய நாள்களைக் கணக்கிட்ட நாள், கட்டுப்பாட்டு நாள், கெடுநாள் என மூவகையாகப் பகுக்கலாம். திரையில் இவை ஒரே வடிவில் தோன்றினும் செயலால் வேறுபட்டவை. கெடுநாளையே பணியின் முடிவு நாளாகப் பூட்டிவிடும்போது தாமதம் அட்டவணையில் மறைந்துபோகிறது. இதனை ஒரு சுவடிப் பதிப்புத் திட்டத்தின் மாதிரிக் கணக்கின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திட்ட மேலாண்மை, கெடுநாள், கட்டுப்பாடு, மாறுநிலைப் பாதை, தளர்வு, சுவடிப் பதிப்பு.

முன்னுரை

நிதிநல்கை பெறும் ஆய்வுத்திட்டங்களுக்கு இறுதி அறிக்கை அளிக்க வேண்டிய நாள் முன்னரே வரையறுக்கப்படுகிறது. அட்டவணை வகுப்போர் பலர் அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு பணிக்கும் தொடக்க நாளையும் முடிவு நாளையும் குறித்துவிடுவர். தாளில் எழுதும் அட்டவணைக்கு இம்முறை பொருந்தும். மென்பொருளில் இதே முறையைக் கையாளும்போது அதன் கணக்கிடும் திறன் பயனற்றுப் போகிறது.

நாள் ஒரு விளைவு

இன்றைய மென்பொருள்களின் கணக்கீட்டு அடிப்படை 1950களின் இறுதியில் உருவானது. டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 1957ஆம் ஆண்டளவில் மாறுநிலைப் பாதை முறையை உருவாக்கினர். அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக 1958இல் ‘பெர்ட்’ முறை வகுக்கப்பட்டது. பணிக்கு ஆகும் காலம், பணிகளுக்கு இடையிலான சார்பு ஆகிய இரண்டையும் உள்ளீடாகக் கொண்டு நாள்களை விளைவாகப் பெறுவது இவ்விரு முறைகளுக்கும் பொதுவாகும்.

மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டின் தானியங்கி அட்டவணை முறையும் இவ்வாறே இயங்குகிறது. இவற்றுடன் வேலை நாள்களைக் காட்டும் நாட்காட்டியையும் அது கணக்கில் கொள்கிறது. இயல்பு நாட்காட்டி வாரத்தில் ஐந்து நாள்களை வேலை நாள்களாகக் கொள்ளும். பொங்கல் போன்ற விடுமுறைகளைப் பயனரே அதில் சேர்த்தல் வேண்டும்.

மாதிரித் திட்டம்

ஒரு சுவடிப் பதிப்புத் திட்டம் ஐந்து பணிகளைக் கொண்டதாக வைத்துக்கொள்ளலாம்.

1. மின்படமாக்கம் – 20 வேலை நாள்கள்.
2. படியெடுத்தல் – 40 நாள்கள். மின்படமாக்கம் முடிந்தபின் தொடங்கும்.
3. பாட ஒப்பீடு – 30 நாள்கள். படியெடுத்தல் முடிந்தபின் தொடங்கும்.
4. முந்தைய பதிப்புகளின் வரலாறு தொகுத்தல் – 25 நாள்கள். மின்படமாக்கம் முடிந்தபின் தொடங்கும்.
5. மெய்ப்பு நோக்குதல் – 10 நாள்கள். மூன்றாம், நான்காம் பணிகள் முடிந்தபின் தொடங்கும்.

இவற்றுள் 1, 2, 3, 5 என்னும் தொடர் மிக நீண்டது. அதன் கூட்டுத்தொகை 100 நாள்கள். இதுவே மாறுநிலைப் பாதை. இப்பாதையில் ஒரு நாள் தாமதம் நேர்ந்தால் திட்டமும் ஒரு நாள் தாமதமாகும். நான்காம் பணி 45ஆம் நாளில் முடியக்கூடியது. 90ஆம் நாள் வரை நீண்டாலும் திட்டத்திற்கு இடரில்லை. இந்த 45 நாள் இடைவெளியே தளர்வு எனப்படும். நல்கை வழங்கிய அமைப்பு விதித்த கெடு 105ஆம் நாள் எனின், திட்டத்திற்கு ஐந்து நாள் மிச்சமுண்டு.

கட்டுப்பாடும் கெடுவும்

மின்படமாக்கம் 28 நாள்களுக்கு நீண்டுவிட்டதாகக் கொள்வோமாயின், பாட ஒப்பீடு 98ஆம் நாளிலும் மெய்ப்பு 108ஆம் நாளிலும் முடியும். இந்நிலையில் 105ஆம் நாள் எவ்வாறு பதியப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து மென்பொருளின் காட்சி வேறுபடும்.

அந்நாளை ‘கண்டிப்பாக இந்நாளில் முடிய வேண்டும்’ என்னும் கட்டுப்பாடாக இட்டிருந்தால், மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் அதற்கே முதன்மை தரும். மெய்ப்பு 96ஆம் நாள் தொடங்கி 105ஆம் நாள் முடிவதாக அட்டவணை காட்டும். பாட ஒப்பீடு முடியாத மூன்று நாள்களில் மெய்ப்பு நடைபெறுவதாக அது கூறுகிறது. முரண்பாடு குறித்த எச்சரிக்கை தோன்றினும் முடிவு நாள் அசையாது. அந்நாளை மட்டும் நோக்குபவர் திட்டம் சீராகச் செல்வதாகவே கருதுவார்.

அதே நாளைக் கெடுநாளுக்கு உரிய புலத்தில் இட்டிருந்தால், பணி தன் இயல்பான நாளாகிய 108க்கு நகரும். கெடு கடந்ததைச் சிவப்புக் குறி உணர்த்தும். தளர்வு −3 எனக் காட்டப்படும். கெடுநாள் அட்டவணையை நகர்த்துவதில்லை, அளவுகோலாக நிற்கிறது.

அறியாமல் இடப்படும் கட்டுப்பாடு

மைக்ரோசாஃப்ட் பிராஜெக்டில் எட்டுவகைக் கட்டுப்பாடுகள் உள்ளன. திட்டத்தைத் தொடக்க நாளிலிருந்து வகுக்கும்போது ‘இயன்றவரை விரைவில்’ என்பது இயல்புநிலை. ஆனால் தொடக்க நாள் கட்டத்தில் ஒரு நாளைத் தட்டச்சு செய்தவுடன் ‘இந்நாளுக்கு முன் தொடங்கலாகாது’ என்னும் கட்டுப்பாடு தானே அமைந்துவிடும். மேற்கண்ட திட்டத்தில் படியெடுத்தலுக்கு 21ஆம் நாள் தட்டச்சு செய்யப்பட்டதெனின், மின்படமாக்கம் 15 நாளில் முடிந்தாலும் படியெடுத்தல் 21ஆம் நாளுக்கே காத்திருக்கும். மின்படமாக்கம் 28 நாளுக்கு நீண்டாலோ அது 29ஆம் நாளுக்குத் தள்ளப்படும். தாமதம் அடுத்த பணிக்குப் பரவுகிறது. ஈட்டிய ஐந்து நாள் பரவுவதில்லை.

2010ஆம் ஆண்டுப் பதிப்பில் அறிமுகமான கைமுறை அட்டவணையில் நிலைமை வேறு. முந்தைய பணி நீண்டாலும் பயனர் இட்ட நாள் நகராது. அதன்கீழ் ஒரு நெளிகோடு மட்டும் தோன்றும். புதிய பணிகள் இம்முறையிலேயே தொடங்கும் என்பதால் பயனர் முதலில் இவ்வமைப்பைச் சரிபார்த்தல் நன்று.

நடைமுறை நெறிகள்

நாள்களுக்கு மாறாகக் காலஅளவையும் சார்பையும் உள்ளிட வேண்டும். நூலகம் குறிப்பிட்ட நாளுக்குப் பின்னரே சுவடிகளைத் தரும் என்பது போன்ற புறவுண்மைகளுக்கு மட்டுமே கட்டுப்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். அறிக்கை நாளைக் கெடுநாள் புலத்தில் குறிக்க வேண்டும். பணி தொடங்குமுன் மூல அட்டவணையைப் பேஸ்லைனாகச் சேமித்தல் வேண்டும். அப்போதுதான் முதலில் உறுதியளித்த நாளுக்கும் இன்றைய கணக்குக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

தொகுப்புரை

மதிப்பிட்ட காலஅளவு பிழையானால் எந்த மென்பொருளும் சரியான நாளைத் தராது. எனினும் பணி எப்போது முடியும் என்பதையும் எப்போது முடிய வேண்டும் என்பதையும் தனித்தனியே பதிந்தால், இரண்டிற்கும் இடையிலான விலகல் உரிய நேரத்தில் புலப்படும். மாதிரித் திட்டத்தில் அவ்விலகல் 28ஆம் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. கெடுவுக்கு இன்னும் 77 வேலை நாள்கள் எஞ்சியுள்ள அந்நிலையில், படியெடுப்போரைக் கூட்டவோ காலநீட்டிப்புக் கோரவோ இயலும். முடிவு நாளைப் பூட்டிவைத்த அட்டவணை அவ்வாய்ப்பை இழக்கச் செய்கிறது.