அரை மாத்திரையை விழுங்கும் கம்பியில்லா ஒலி

பலெர்மோ மாநகரின் பழைய பகுதியிலே, பலாரோச் சந்தையைச் சூழ்ந்த ஒடுங்கிய தெருக்களிலே, எம்மவர் 1980களிலிருந்து வாழ்ந்து வருகின்றனர். அவர்களிற் பலருக்கு வாய்த்த தொழில் வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்புமாகும். வேலை தருபவரின் வீட்டிலேயே தங்கிப் பணிபுரிவோரும் உளர். வியாழன் பிற்பகலும் ஞாயிறும் தவிர்ந்த நாட்களில் அவர்களுக்கென்று எஞ்சுவது இரவின் சில மணித்தியாலங்களே. அடுத்த அறையிலே முதியவர் உறங்குகையில் ஒலிபெருக்கியைத் திறந்து வைக்க இயலாது. ஆகவே காதிலே கம்பியில்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடிக்கணினியிலே இத்தாலிய மொழிப் பாடத்தைக் கேட்கின்றனர். கனடாவிலுள்ள சகோதரங்களோடு பேசுகின்றனர்.

அவ்வேளையில் ஒலி திக்கத் தொடங்குகிறது. சொல் பாதியில் அறுந்து, மறுபாதி எங்கோ போய்விடுகிறது. சிலர் ஹெட்போன் பழுதாகிவிட்டதென்று முடிவுகட்டி இன்னொன்றை வாங்குகின்றனர். அதுவும் சில நாட்களில் அதே விதமாக வெட்டி வெட்டி ஒலிக்கிறது. வேறு சிலர் இணைய நிறுவனத்தை வைகின்றனர். நாம் அறிந்தவரையில் குற்றம் இவ்விரண்டிலும் இல்லாமல், இடையிலுள்ள ஓரிரு மீற்றர் காற்றிலும் கணினியின் அமைப்பிலுமே பெரும்பாலும் இருக்கிறது. பணம் செலவழிக்குமுன் பார்க்கவேண்டியவை பல உள.

இதைச் சிறு தொல்லையென்று ஒதுக்கிவிட முடியாமைக்குக் காரணம் உண்டு. நீண்டகால ஐரோப்பிய வதிவிட அனுமதியை நாடுவோர் ஏ-2 தரத்திலான இத்தாலிய மொழிப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டுமென்பது 2010 டிசம்பர் முதல் விதியாயிற்று. அதிற் சித்தியெய்த நூற்றுக்கு எண்பது புள்ளிகள் வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிப்போரிடம் 2018 டிசம்பர் முதல் அதனிலும் உயர்ந்த பி-1 தரம் கோரப்படுகிறது. இப்பரீட்சைகளிலே கேட்டு விளங்கும் பகுதி உண்டு. எம்மவர் தடுமாறக்கூடிய இடமும் அதுவே.

இத்தாலிய மொழியில் மெய்யெழுத்து ஒற்றையாக வருவதும் இரட்டித்து வருவதும் பொருளையே மாற்றும். 'சேதே' என்றால் தாகம். 'சேத்தே' என்றால் ஏழு. 'பேன்னா' என்பது எழுதுகோல். ஒரு 'ன்' குறைந்து 'பேனா' என்றானால் துன்பம், தண்டனை என்று பொருள்படும். (எழுதும் கருவிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் இங்கே தண்டனையாகிவிடுவது வேடிக்கைதான்.) அறுபது 'செஸ்ஸாந்தா', எழுபது 'செத்தாந்தா'. நடுவிலே ஒரு கணம் ஒலி அறுந்தால் அறுபதா எழுபதா என்று எவராலும் சொல்ல இயலாது. வீட்டிலக்கம், வாடகை, சம்பளம் யாவும் இவ்வெண்களிலேயே வருகின்றன.

படத்தையும் பட்டத்தையும் வேறுபடுத்தி வளர்ந்த காதுகள் எம்முடையவை. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று எமது இலக்கணம் அளந்து வைத்தது. ஆகவே இத்தாலியரின் இரட்டிப்பு எமக்கு இயல்பாகவே பிடிபட வேண்டியது. இரட்டிப்பினால் மெய்யொலி நீளும் அளவு ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கே. கம்பியில்லா ஒலி திக்கும்போது ஏற்படும் இடைவெளியும் பலவேளை அவ்வளவுதான். அரை மாத்திரை விழுங்கப்பட்டபின் 'சேத்தே'க்கும் 'சேதே'க்கும் என்ன பேதம்? அப்படிப்பட்ட ஒலியிலே மாதக்கணக்காகப் படிப்பவர் தமக்கு மொழி வரவில்லை என்று சோர்ந்து போகிறார். வராதது மொழியன்று, ஒலியே.

முதலிலே நோய் எங்கிருக்கிறதென்று அறிய வேண்டும். இணையத்தின் உதவியின்றி, கணினியிலேயே பதிந்துள்ள ஒரு பாட்டையோ பாடத்தையோ அதே ஹெட்போனில் ஒலிக்கவிடுக. அது தடங்கலின்றிக் கேட்குமாயின் பழுது பெரும்பாலும் இணையத் தொடர்பிலே உள்ளது. அதுவும் திக்குமாயின் இணையத்தை மறந்துவிடலாம். அடுத்து, பகலிலே வீட்டார் விழித்திருக்கும் வேளையில், அதே ஒலியைக் கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலே கேட்டுப் பார்க்கவேண்டும். அங்கும் வெட்டுமானால் கணினி களைத்துப் போயிருக்கிறது: பழைய இயந்திரத்திலே இருபது முப்பது பக்கங்களை ஒருங்கே திறந்து வைத்தால் அது எதைத்தான் கவனிக்கும்? ஒலிபெருக்கி தெளிவாயிருந்து ஹெட்போன் மட்டும் திக்குமாயின், பழுது புளூரூத் எனப்படும் கம்பியில்லாத் தொடர்பிலேயே உள்ளது. அத்தோடு அதே ஹெட்போனைக் கைத்தொலைபேசியோடு இணைத்துப் பார்த்தால் ஹெட்போனின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

புளூரூத் 1994இல் சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய முயற்சி. பெயர் பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் மன்னனின் பட்டப்பெயர். ஸ்கண்டிநேவிய நாடுகளில் வாழும் எமது வாசகர்கள் இதை முன்பே அறிந்திருப்பர். அது 2.4 ஜிகாஹேர்ட்ஸ் எனும் அலைவரிசைப் பகுதியிலே 79 ஒடுங்கிய பாதைகளை வகுத்துக்கொண்டு, வினாடிக்கு 1600 தடவை வரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிப் பேசுகிறது. ஒரு பாதையில் இரைச்சல் இருந்தால் அடுத்த பாதையிலே சொல்லிவிடலாம் என்பதே தந்திரம். இத்தகைய தாவலுக்கு 1942இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகை. வியன்னாவிலே யூதக் குடும்பத்திற் பிறந்து ஐரோப்பாவை விட்டு வெளியேறியவர். புளூரூத் அவரது கண்டுபிடிப்பே என்று சிலர் எழுதுவது மிகை. எண்ணம் ஒத்தது, அவ்வளவே.

2003இல் வந்த திருத்தத்தின்பின் புளூரூத் இரைச்சல் மிகுந்த பாதைகளைக் குறித்து வைத்து ஒதுக்கப் பழகியது. ஆயினும் ஒதுங்குவதற்கும் இடம் வேண்டுமன்றோ! வைபை ரவுட்டர் ஒன்று இதே பகுதியிலே ஏறத்தாழ இருபது பாதைகளின் அகலத்தை அடைத்துக்கொள்ளும். அயலிலே மூன்று ரவுட்டர்கள் வெவ்வேறு இடங்களில் அமர்ந்தால் 79இல் மிஞ்சுவது சிறிதே. கைநீட்டினால் எதிர்வீட்டுத் துணிக்கொடியைத் தொடலாம் என்ற நெருக்கத்திலே மாடிகள் அமைந்த பழைய பலெர்மோவில் மூன்றென்ன, பத்து ரவுட்டர்கள் ஓர் அறைக்குள் எட்டிப் பார்க்கும்.

காற்று இவ்வளவு நெரிசலானதற்குக் காரணம் அது எவருக்கும் திறந்திருப்பதே. இந்தப் பகுதியிலே குறைந்த வலுவுடைய கருவிகளை அனுமதிப்பத்திரமின்றி எவரும் பாவிக்கலாம். இத்தாலியிலே காற்று எப்போதும் இப்படித் திறந்திருந்ததில்லை. பலெர்மோவுக்குத் தென்மேற்கே உள்ள பார்த்தினிக்கோ என்ற சிற்றூரிலே 1970 மார்ச் 25ஆம் நாள் டானிலோ டொல்ச்சியும் அவரது தோழர்களும் அரசின் ஏகபோகத்தை மீறி ஒரு வானொலியைத் தொடங்கினர். 1968 சனவரி நிலநடுக்கத்தில் வீடிழந்த பெலிச்சேப் பள்ளத்தாக்கு மக்களின் குரலை வெளியுலகுக்குக் கேட்கச் செய்வதே நோக்கம். ஒரு நாளுக்குச் சற்று மேல் அது ஒலித்தது. பின் காவற்றுறையினர் புகுந்து நிறுத்தினர். உள்ளூர்த் தனியார் வானொலிகளுக்கு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டது 1976இலேதான். ஏழை ஒருவரின் குரல் காற்றிலே ஏறுவதற்கு அன்று தடையாயிருந்தது சட்டம். இன்று தடை வெறும் நெரிசல். அதற்கு மருந்து உண்டு.

முதல் மருந்து வைபையை இடம் மாற்றுவது. இக்கால ரவுட்டர்கள் பல 5 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியிலும் இயங்குவன. கணினியின் வைபைப் பட்டியலில் அவ்வீட்டு இணைப்பு இரண்டு பெயர்களில் தோன்றினால், 5 என்ற எண் உள்ளதைத் தெரிவு செய்தால் போதும். எசமானரின் ரவுட்டரைத் தொடவேண்டியதில்லை. மடிக்கணினிக்குள்ளே வைபையும் புளூரூத்தும் ஒரே சிறு அட்டையில், பலவேளை ஒரே அன்டெனாவைப் பங்கிட்டு வேலை செய்வதால் இம்மாற்றத்தின் பயன் உடனே தெரியும். தடித்த சுண்ணக்கற் சுவர்கள் 5 ஜிகாஹேர்ட்ஸ் அலையைக் கூடுதலாகத் தடுக்கும் என்பது உண்மை. ரவுட்டர் மூன்றறை தள்ளியிருந்தால் இவ்வழி சரிவராது. பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, வைபையை அணைத்துக் கேட்பது அப்போது நலம்.

இரண்டாவது, அதிகம் பேர் அறியாதது. கணினியின் யூ.எஸ்.பி. துளையிலே செருகப்படும் வேகமான சேமிப்புக் கருவிகள் ஒருவகை இரைச்சலை வெளிவிடுகின்றன. யூ.எஸ்.பி. 3 வகைக் கருவிகளும் அவற்றின் கம்பிகளும் சரியாக 2.4 ஜிகாஹேர்ட்ஸ் பகுதியைக் குழப்புவதை இன்டெல் நிறுவனமே 2012இல் வெளியிட்ட அறிக்கையிலே விளக்கியது. ஆகவே வெளிச் சேமிப்புத் தட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். புளூரூத்துக்கெனத் தனியே சிறு செருகி பாவிப்போர் அதை நேரே செருகாமல், அரை மீற்றர் நீட்டுக் கம்பியின் முனையிலே வைப்பது நன்று.

மனித உடலும் ஒரு தடையே. எமது உடலிற் பெரும்பங்கு நீர். நீர் இவ்வலையை உறிஞ்சும். கணினி ஒரு பக்கமும் ஒலி வாங்கும் காது மறுபக்கமுமாக இருந்தால் இடையிலே தலை குறுக்கிடுகிறது. கணினியை எதிரே வைத்தால் போதுமானது. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் ஒலி வெட்டுமாயின் அதைப்பற்றிக் கவலை வேண்டாம்: அவ்வடுப்பும் இதே பகுதியிலே இயங்குவது, பால் சுட்டதும் அமைதி திரும்பும்.

உரையாடும்போது மட்டும் குரல் பழைய தொலைபேசியைப்போல் மங்கிக் கரகரத்தால் அது வேறு நோய். ஹெட்போனிலுள்ள ஒலிவாங்கி விழித்தவுடன், இருவழிப் பேச்சுக்காகக் கணினி பலவேளை தரம் குறைந்த முறைக்கு மாறிவிடுகிறது. பேசும் செயலியின் அமைப்பிலே ஒலிவாங்கியாகக் கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தெரிவு செய்து, ஹெட்போனைக் கேட்பதற்கு மாத்திரம் வைத்துக்கொண்டால் ஒலி மீண்டும் தெளியும். சில கணினிகளில் ஒரே ஹெட்போன் இரண்டு பெயர்களிலே தோன்றும். 'ஸ்ரீரியோ' என்று குறித்ததைத் தெரிவு செய்யவேண்டும். சட்டத்தரணியோடு பேசுவோர் இதை முன்னரே ஒழுங்கு செய்து வைப்பது அவசியம்.

மற்றவை சிறு வேலைகள். ஹெட்போன் கைத்தொலைபேசியோடும் ஒருங்கே இணைந்திருந்தால் தொலைபேசியின் புளூரூத்தை அணைக்கவும். ஹெட்போனைக் கணினியின் பட்டியலிலிருந்து நீக்கி, மறுபடி புதிதாக இணைக்கவும். விண்டோஸ் கணினியின் 'டிவைஸ் மனேஜர்' பகுதியிலே, மின்சாரத்தைச் சேமிக்கப் புளூரூத்தை நிறுத்திவைக்கலாம் என்ற அனுமதி தரப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடவும். கணினி நிறுவனம் வெளியிடும் புதிய 'டிரைவர்' மென்பொருளைப் பதியவும். முகந்தெரியாத இடங்களிலிருந்து இலவசமாக வருவதைத் தொடவேண்டாம்.

பாவித்த கணினியை வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. ஒரு முழத்துக்குள் நன்றாகக் கேட்டு, இரண்டடி தள்ளியதும் ஒலி அறுந்தால், உள்ளே அன்டெனாக் கம்பி கழன்றிருக்கக்கூடும். வைபை அட்டையிலே மயிரிழை போன்ற இரு கம்பிகள் பொத்தான்போற் பொருத்தப்பட்டிருக்கும். எப்போதோ திறந்து திருத்தியவர் ஒன்றை மறந்து விட்டிருப்பார். திருத்துபவரிடம் அதைமட்டும் பார்க்கச் சொன்னால் சில நிமிட வேலை. புதுக் கணினிக்கு விலை பேசுமுன் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

இவையெல்லாம் செய்தும் பரீட்சைக்குரிய ஒலிப்பதிவுகளையும் சட்டத்தரணியின் பேச்சையும் கம்பியிலேயே கேட்கும்படி நாம் சொல்வோம். கம்பிக்கு நெரிசல் இல்லை, மின்னேற்றமும் வேண்டியதில்லை. சில யூரோவுக்குக் கிடைக்கும் சாதாரணக் கம்பி ஹெட்போனே அரை மாத்திரையைக் காக்கப் போதும். காதை மூடும் பெரிய கம்பியில்லா ஹெட்போன்கள் பலவற்றிலே 3.5 மில்லிமீற்றர் துளையொன்று உண்டு. அதற்குரிய கம்பி வாங்கிய பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பெட்டியை எறியாதவர்கள் அலுமாரியிலே தேடிப் பார்க்கவும்.