ஏரிக்கரையும் மிதிவண்டியும்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் மிகுந்த பூமி. ஆகவே சிமெண்டு ஆலைகளும் மிகுதி. ஆலைகளுக்குக் கல் சுமந்து விரையும் லாரிகளுக்கிடையே மிதிவண்டியில் செல்வோருக்குச் சாலையோரப் புழுதியே கதி. அச்சமின்றி மிதிக்க விரும்பும் அன்பர்களுக்கு நான் காட்டும் வழி ஏரிக்கரையாகும்.

கரைவெட்டி ஏரியையே எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையில் திறக்கப்படும் காவிரி நீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே இதை வந்தடைகிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இப்பறவைச் சரணாலயம், 2024-ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன. ஆதலால் வனத்துறையினரின் இசைவு பெற்று, மணியடிக்காமல் செல்வதே முறை.

சரளைப் பாதைக்கென ஒரு பழக்கம் உண்டு. சக்கரத்தில் காற்றைச் சற்றே குறைத்தால் வண்டி துள்ளாது. முன்பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முன்னதாகவே வேகம் தணித்து, பின்பிரேக்கை மெல்ல அழுத்த வேண்டும்.

ஏரிக்கரை என்பது போக்குவரத்துக்காக எழுந்ததன்று. நீரைத் தாங்க எழுந்தது. கனத்த வண்டிகள் ஓடினால் சக்கரத்தடம் பள்ளமாகும். அதில் தேங்கும் மழைநீர் ஒருபுறம் வழிந்து, சரிவை அரிக்கும். அரிப்பு முற்றினால் கரை உடையும். பாசனத்தை நம்பிய வயல்கள் பாழாகும். மிதிவண்டியின் பளுவோ மண்ணுக்கு ஒரு பொருட்டன்று. எனவே, கரையைக் கனரக வண்டிகளுக்குத் திறவாதிருத்தல் நம் உல்லாசத்துக்காக மட்டுமன்று, உழவர் நலனுக்காகவுமே என்பதை நேயர்கள் உணரவேண்டும்.