கொலு லீவில் ஒரு மியூசியம்!

நவராத்திரி லீவில் குழந்தைகளோடு எழும்பூர் மியூசியம் போகலாம் என்றதும், "பொம்மை பார்க்க நம்ம வீட்டுக் கொலு போதாதாம்மா? எனக்கு முட்டி வலி வேற" என்றார் மாமியார். சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகியும் அவர் அங்கே போனதில்லை. நானும்தான்!

1851-ல் தொடங்கிய மியூசியம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள், கால்வலிதான் மிஞ்சும். நாங்கள் பார்த்தது இரண்டே பகுதிகள். ஒன்று, ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த பௌத்த சிற்பங்கள். மற்றது, வெண்கலச் சிலைகள்.

திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் சிலை. பாதி சிவன், பாதி அம்பாள்.

"கோயில்ல உற்சவரைப் பட்டும் மாலையுமாத்தான் பார்த்திருக்கேன். இடுப்பு வளைவு, விரல், வளையல்னு இவ்வளவு கிட்டத்துல பார்த்ததே இல்லைம்மா" என்றார். குரல் கம்மியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். நடுநடுவே உட்கார்ந்து பாருங்கள். 'பெரியவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?' என்று மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது மாமியார் கேட்கிறார்: "மிச்சத்தை எப்போம்மா பார்க்கறது?"