மாற்றுவதற்கு முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்: பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டரும் உங்கள் உரிமையும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் பெட்ரோல் அம்பாசடரோ, பத்மினியோ, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான புகார் இது: "வண்டி மிஸ் ஆகுது, பிக்கப் இல்ல." பழி பெரும்பாலும் கார்புரேட்டர் மேல்தான் விழுகிறது. அதைக் கழற்றிக் கழுவி மாட்டிக் கூலியும் கொடுத்த பிறகு பார்த்தால் கோளாறு அப்படியே இருக்கும். தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள். இதில் போவது காசு மட்டுமல்ல. தேசிய நெடுஞ்சாலை 16-இல் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. அதனால் எந்தப் பாகத்தை மாற்றும் முன்பும் கோளாறைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

தேய்ந்தால் என்ன ஆகும்?

காயிலிலிருந்து வரும் பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தை உரிய நேரத்தில் உரிய பிளக்குக்கு அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை. இன்ஜின் 2 சுற்று சுற்றினால் அதன் ஷாஃப்ட் 1 சுற்று சுற்றும். ஷாஃப்ட்டில் உள்ள கேம் பாயிண்டைத் திறந்து மூடும். 1489 சி.சி. அம்பாசடரில் வரும் லூகாஸ் வகைக்குப் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கம். தாங்கிப் பிடிக்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் 0.1 மில்லிமீட்டர் ஆடினாலே இடைவெளி கால் பங்கு மாறிவிடும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி ஒவ்வொரு நேரத்தில் விழும். எத்தனை முறை டைமிங் வைத்தாலும் நிற்காது.

கண்ணெதிரே செய்யக்கூடிய சோதனைகள்

* இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை (கேப்) கழற்றுங்கள். ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் அசைக்கும்போது பாயிண்ட் இடைவெளி கூடிக் குறைந்தால் புஷ் தேய்ந்துவிட்டது.
* ஷாஃப்ட்டின் உச்சியில் உள்ள ரோட்டாரை அது சுழலும் திசையில் லேசாகத் திருகி விடுங்கள். தானே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எடைகள் துருப்பிடித்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.
* வாக்குவம் குழாயை கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.
* கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முடிபோல் மெல்லிய கருப்புக் கோடுகள் இருந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது. பழவேற்காட்டு உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் இதை இன்னும் மோசமாக்கும்.
* சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறதா? கன்டென்சரையும் காயிலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

டைமிங் லைட்டில் புல்லிக் குறி துள்ளுவதும் தேய்மானத்தின் அடையாளம்தான். ஆனால் டைமிங் செயின் தளர்ந்தாலும் குறி துள்ளும். ஆகையால் கையால் அசைத்துப் பார்க்கும் சோதனையை விடக் கூடாது.

பழுது பார்க்கும் முறை

பாடி நல்ல நிலையில் இருந்தால் முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. காக்களூர் சிட்கோ, கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரங்களில் லேத் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அளவெடுத்துப் புது புஷ் போடலாம். நுண்துளை உள்ள வெண்கல புஷ் என்றால் பொருத்தும் முன் இன்ஜின் ஆயிலில் ஓர் இரவு ஊறட்டும். ஷாஃப்ட்டும் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷாஃப்ட்டைக் கழற்ற அடிப்பக்கத்து பின்னைத் தட்டி எடுக்கும் முன், ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது அது எதிர்ப்பக்கம் பார்த்தால் டைமிங் 180 டிகிரி தவறிவிடும். முதலில் பாயிண்ட் இடைவெளி, அதன் பிறகே டைமிங். ரோட்டாருக்கு அடியில் சில சொட்டு ஆயிலும் கேமில் ஒரு மெல்லிய கிரீஸ் பூச்சும் அவ்வப்போது இருந்தால் புது புஷ் நீடிக்கும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

ஓடும் இன்ஜினில் பிளக் வயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அருகிலேயே நிற்க வேண்டாம். பெட்ரோல் கசியும் இடத்தில் தீப்பொறி சோதனை கூடாது. தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, துப்பட்டா எதுவானாலும் ஃபேன் இழுத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவைத்தால் காயில் சூடாகிக் கெடும்.

சட்டம் எங்கே வருகிறது?

மிஸ் ஆகும் வண்டி எரியாத பெட்ரோலைப் புகையில் தள்ளும். இத்தகைய பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் ரூ.10,000 வரை அபராதம் விதிக்கலாம். 15 ஆண்டு கடந்த சொந்த காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போதும் வண்டி சோதிக்கப்படும்.

பட்டறையில் உங்களைக் காப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. வாங்கும் பொருள், சேவை ஆகியவற்றின் தரம், விலை பற்றித் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. வேலை தொடங்கும் முன் கோளாறு, மாற்றும் பாகம், தோராயச் செலவு மூன்றையும் எழுதி வாங்குங்கள். சோதனைக்கான கூலியை மனமுவந்து கொடுங்கள். நேரமெடுத்துத் தேடிக் கண்டுபிடிப்பதும் உழைப்புதான். எக்ஸ்சேஞ்சுக்கு ஒப்புக்கொள்ளாதவரை கழற்றிய பழைய பாகம் உங்கள் சொத்து, கேட்டு வாங்குங்கள்.

ஏமாற்றப்பட்டால்

முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுத்துச் சரிசெய்ய அவகாசம் தாருங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்த படி திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். பிழைப்புக்காகச் சொந்தமாக டாக்சி ஓட்டுபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே.

போலி பாகம் என்று சந்தேகம் இருந்தால் ஆணையம் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப முடியும். அதற்குப் பாகம் கையில் இருக்க வேண்டும். எனவே பில், அட்டைப்பெட்டி, கழற்றிய பாகம் மூன்றையும் ஒரே உறையில் தேதி எழுதி, குறைந்தது 2 ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.