பால்கனியில் ஒரு சாக்பீஸ் கோடு

ஒரு பிடி பச்சை – 3

"எனக்குக் கைராசி இல்லைங்க. எதை வச்சாலும் பட்டுப்போகுது."

இந்தத் தொடர் வர ஆரம்பித்த பிறகு என்னிடம் பேசுகிற பலரும் சொல்வது இதைத்தான். மடிப்பாக்கத்தில் எங்கள் மேல் வீட்டு அக்காவும் சொன்னார். மூன்று துளசி வாங்கிவிட்டார்; மூன்றும் ஒரே மாதிரிதான் போயின. தண்டு ஒல்லியாக நீண்டது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடியது. இலை சிறுத்து வெளுத்து, அடியிலிருந்து உதிரத் தொடங்கியது. வாடுகிறதே என்று பதறி இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினார். வேர் அழுகிவிட்டது. வீட்டில் துளசி பட்டுப்போனதை அபசகுனம் என்று வேறு யாரோ சொல்லிவிட, அக்கா ரொம்ப மனம் உடைந்துவிட்டார்.

"எந்த மாசம்க்கா வச்சீங்க?"

"மூணு தடவையும் சித்திரை வாக்குலதான். நம்ம பால்கனி தெக்குப் பாத்தது. நல்லா வெயில் விழுமேன்னு வச்சேன்."

கோளாறு அங்கேதான் இருந்தது. அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை.

சூரியன் கிழக்கே உதித்து மேற்கே மறைகிறது என்று படித்ததோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆண்டு முழுவதும் அது தெற்கும் வடக்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு முறை, நண்பகலில் சூரியன் நேராக நம் உச்சந்தலைக்கு மேல் வரும். அந்த நேரத்தில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதம், நடுப்பகல் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கிறது. தெற்குப் பார்த்த பால்கனியில் அப்போது மேல்தளத்தின் நிழல்தான் விழும். ஊரே வெந்துகொண்டிருக்கும், செடிக்கோ நேர் வெயில் ஒரு பொட்டுகூடக் கிடைக்காது. மார்கழியில் கதை வேறு. நண்பகலில்கூட சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வெயில் சாய்ந்து பால்கனிக்குள் நன்றாக இறங்கும்.

வடக்குப் பால்கனி இதற்கு நேர்மாறு. பனிக்காலத்தில் நேர் வெயில் கிடையாது. ஆனியில், எதிர்க் கட்டடம் மறைக்காவிட்டால், காலையும் மாலையும் சாய்வெயில் வரும்; நடுப்பகலில் கிரில் ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு வெயில் விழும். கிழக்குப் பால்கனி கிடைத்தவர்கள் புண்ணியவான்கள்; காலை வெயிலைப் போல தொட்டிச் செடிகளுக்கு இதமானது வேறில்லை. மேற்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கத்திரியில் தொட்டியின் பக்கச்சுவரே கொதிக்கும். சுவரை விட்டு நகர்த்தி, சின்னத் தொட்டிகளைப் பெரிய தொட்டிகளின் நிழலில் வைக்க வேண்டும்.

அதனால் நர்சரிக்குப் போகுமுன் ஒரு சாக்பீஸ் எடுங்கள். விடுமுறை நாளில் காலை ஏழு மணியிலிருந்து மணிக்கொரு முறை, தரையில் வெயில் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மாலை ஐந்துக்கு உங்கள் பால்கனியின் வரைபடம் தரையிலேயே இருக்கும். எந்த மூலைக்கு எத்தனை மணி நேரம் நேர் வெயில் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும், கோடுகள் இடம் மாறியிருக்கும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நடுப்பகல் நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். 'நல்ல வெளிச்சம்' என்று நாம் நினைக்கிற கூடத்தின் உட்புறத்தில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். நம் கண் அந்த வித்தியாசத்துக்குப் பழகிக்கொள்ளும். செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு, அதனால் பழக முடியாது. கூடத்தில் டீப்பாய் மேல் துளசி வைத்த படங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

கோடு போட்டாயிற்று. ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடம் இருந்தால் துளசி, திருநீற்றுப்பச்சிலை, கறிவேப்பிலை மூன்றும் வரும். மூன்று நான்கு மணி நேரம் என்றால் புதினா, கற்பூரவல்லி, வெந்தயக்கீரை. அதற்கும் குறைவு, ஆனால் வெளிச்சம் உண்டு என்றால் வல்லாரை. ஈரம் மட்டும் காயக்கூடாது.

முதல் செடி எது என்று கேட்டால் யோசிக்காமல் கற்பூரவல்லி என்பேன். காசு வேண்டாம், பக்கத்து வீட்டில் நான்கு விரல் நீளத் தண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் செருகினால், இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். அந்தத் தடித்த இலை தனக்கு வேண்டிய தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இலை. மண்ணில் விரலை விட்டு, இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஓமத்தில் இருக்கிற தைமால் இதன் எண்ணெயிலும் உண்டு; இதற்கு ஓமவல்லி என்ற பெயர் அந்த மணத்தால் வந்தது. வெயிலில் நின்ற செடியின் இலை சிறியதாக, தடிப்பாக, மணம் தூக்கலாக இருக்கும். நிழலில் நின்றதன் இலை அகலமாகப் பார்க்க அழகாக இருக்கும், பஜ்ஜி போட்டால் வாசம் குறைவு.

புதினாவை எனக்குக் கற்றுத்தந்தவர் தெருமுனைக் கீரைக்கார அம்மா. "தழையைக் கிள்ளிக்கோ கண்ணு, காம்பை ஏன் குப்பையில போடுற? டம்ளர் தண்ணியில போட்டு வை" என்றார். முற்றிய காம்பாகப் பார்த்து, நுனியில் நாலு இலை விட்டு, தண்ணீரில் நிறுத்தினேன். ஒரு வாரத்தில் கணுக்களில் வெள்ளை வேர். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும். புதினாவின் தண்டு பக்கவாட்டில் ஓடும் என்பதால், ஆழமான தொட்டியைவிட அகலமான பழைய பேசின்தான் அதற்கு ஏற்றது. அடியில் துளை கட்டாயம். வேறு செடியோடு சேர்த்து நடாதீர்கள், இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும்.

கொத்தமல்லியை இந்த ஆனியில் தொடங்க வேண்டாம். வெக்கை கண்டால் இலை விடுவதை நிறுத்திப் பூக்கப் போய்விடும். ஐப்பசி வரை பொறுங்கள். அப்போது தனியாவை அப்படியே விதைக்காமல், தரையில் பரப்பிச் சப்பாத்திக் கட்டையை மெல்ல உருட்டி இரண்டாக உடைக்க வேண்டும். ஒரு தனியாவுக்குள் இரண்டு விதைகள் உண்டு. ஓர் இரவு ஊற வைத்து விதைத்தால் எட்டுப் பத்து நாளில் முளைக்கும். நான்காம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்துக் கெடுத்தவர்கள் நிறைய. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இப்போதே வெந்தயம் போடலாம். இரண்டு மூன்று நாளில் முளை, மூன்று நான்கு வாரத்தில் கீரை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். தரை துடைக்கலாம், செடிக்கு வேண்டாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மேல் வீட்டு அக்கா நான்காவதாக ஒரு துளசி வாங்கினார், இம்முறை சாக்பீஸ் கோடு போட்ட பிறகு. வீட்டுக்குப் பின்னால், வடக்கே பார்த்த சர்வீஸ் பால்கனியில், வாஷிங் மெஷினை ஒட்டிய கிரில் ஓரத்தில் வைத்திருக்கிறார். "சாமி செடியை இங்க வைக்கலாமா?" என்று முதலில் தயங்கினார். இலை கருகருவென்று வந்ததும் தயக்கம் போய்விட்டது. கதிர் விட்டால் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை வரும் என்றேன். அவர் அந்தக் கதிரைச் சாமி படத்துக்கு வைக்கிறார். புரட்டாசியில் தொட்டி தெற்குப் பக்கம் போக வேண்டும். காலண்டரில் இப்போதே குறித்து வைத்துவிட்டார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், பால்கனியைத் துடைக்கும்போது கோட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் மண்ணைப் பார்ப்போம். தென்னை நார்க் கட்டி வாங்கி வைத்திருப்பவர்கள், அதைத் தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசி வையுங்கள். அதிலும் உப்பு இருக்கிறது.