மதுரைக்குப் புறப்பட்ட வாலியை நிறுத்திய செட்டிநாட்டுப் பாட்டு!

காரைக்குடி,-
கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் சும்மா உட்கார வேண்டியதுதான். மாதச் சம்பளம் இல்லாத தொழில்காரர் எல்லோருக்கும் இந்தப் பாடு உண்டு. காரைக்குடியில் மர வேலை செய்யும் ஆசாரியும் சரி, சென்னையில் சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவரும் சரி. "இத்தனை வருஷமாகியும் முன்னேற்றம் இல்லையே, பேசாமல் ஒரு வேலையில் சேர்ந்துவிடலாமா?" என்ற நினைப்பு ஒரு நாளாவது வந்துவிடும்.

கவிஞர் வாலிக்கும் வந்தது.

வாய்ப்பு வந்தும் பயனில்லை

ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்தான் வாலி. முதல் சினிமாப் பாட்டை "அழகர்மலைக் கள்வன்" படத்துக்கு எழுதினார். 1961-ல் எம்.ஜி.ஆர். நடித்த "நல்லவன் வாழ்வான்" படத்திலும் அவர் பாட்டு வந்தது. அப்படியும் அடுத்த வேலை சரியாக வரவில்லை. தியாகராயநகரில் ஒரு அறை. கூட இருந்தவர் நாகேஷ். அவரும் அப்போது வாய்ப்பு தேடி அலைந்தவர்தான்.

வாலி பொறுத்துப் பார்த்தார். கடைசியில், மதுரைக்குப் போய் வேலையில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

பாடகர் வந்தார்

அந்தச் சமயத்தில் பாடகர் பி.பி.ஸ்ரீனிவாஸ் அறைக்கு வந்தார். "புதுசா என்ன பாட்டு பாடினீங்க?" என்று வாலி கேட்டார். "சுமைதாங்கி" (1962) படத்துக்குப் பாடிய பாட்டை அவர் பாடிக் காட்டினார். மனம் கலங்கி நிற்கிறவனுக்குத் தைரியம் சொல்லும் பாட்டு அது.

வாலி மதுரைக்குப் போகவில்லை.

1963-ல் "கற்பகம்" வந்தது. 1964-ல் "படகோட்டி". அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே நேரமில்லை. அந்தப் பாட்டுதான் தன்னை நிறுத்தியது என்று வாலியே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எழுதியவரும் கஷ்டப்பட்டவரே

அந்தப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன். செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்தவர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. 1949-ல் "கன்னியின் காதலி" படத்தில் முதல் பாட்டு. பெயர் வந்தது. ஆனால் சொந்தப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். "சிவகங்கைச் சீமை" (1959), "கவலை இல்லாத மனிதன்" (1960) எல்லாம் அவர் எடுத்த படங்களே. கடன் கழுத்தை நெரித்தது. ஆனாலும் பாட்டு எழுதுவதை விடவில்லை. கவலைப்பட்டவர் எழுதியதால்தான், கவலைப்பட்ட இன்னொருவருக்கு அது பலித்தது.

தனியே உட்காராதீர்கள்

வேலைக்குப் போவது தப்பில்லை. குடும்பம் இருந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் தொழில் மந்தமான மாதத்தில், தனியே உட்கார்ந்து மூட்டை கட்டும் முடிவை எடுக்கக் கூடாது. அதே தொழிலில் இருக்கும் நாலு பேரோடு பழக்கம் விட்டுப்போகக் கூடாது. அன்று ஸ்ரீனிவாஸ் அறிவுரை சொல்ல வரவில்லை. தான் செய்த வேலையைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பின்னாளில் பாட்டுத் துறையில் கண்ணதாசனுக்கே போட்டியாக நின்றவர் யார் தெரியுமா? அதே வாலிதான்!