பியூட்டிஷியன் கோர்ஸ்: பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்!

‘ஒரே மாதத்தில் பியூட்டிஷியன் ஆகலாம்’, ‘அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்’, ‘100 சதவிகித வேலைவாய்ப்பு’ - இப்படி விளம்பரம் ஒட்டாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் அரிது. பிளஸ் டூ முடித்த மகளுக்காக நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் அம்மாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் சொந்தக் காலில் நிற்க ஆசைப்பட்டு வரும் பெண்களும் இருக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம், மேக்கப் கிட் இலவசமா என்றெல்லாம் விசாரிக்கும் இவர்களில் பலர், ‘கடைசியில் தேர்வு வைப்பது யார்?’ என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

ஒரு நிறுவனத்தை டிரஸ்ட்டாகவோ, ‘உத்யம்’ தளத்தில் சிறுதொழிலாகவோ பதிவு செய்துவிடலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அந்த எண்ணைக் காட்டி ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று போர்டு வைப்பதில் பொய் இல்லை. ஆனால், அங்கே என்ன பாடம் நடக்கிறது, ஆசிரியைக்கு என்ன தகுதி என்பதையெல்லாம் எந்த அதிகாரியும் வந்து பார்த்திருக்க மாட்டார். ஐ.எஸ்.ஓ. 9001 சான்றும் நிர்வாக முறைக்குத் தரப்படுவதே தவிர, ஃபேஷியல் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா என்பதற்கு அல்ல.

அங்கீகாரம் என்றால் பாடத்திட்டம், பயிற்சி நேரம், கருவிகள் ஆகியவற்றை வெளியார் சரிபார்த்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் அல்லாத ஒருவர் வந்து மாணவிக்குத் தேர்வு வைக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவரே மார்க் போட்டு, அவரே கையெழுத்தும் போட்டால் அந்தக் காகிதத்தை வெளியூரில் யார் நம்புவார்கள்?

இந்தியாவில் தொழிற்பயிற்சியை ஒழுங்குபடுத்த என்.சி.வி.இ.டி. என்ற தேசிய கவுன்சில் 2018-ல் அறிவிக்கப்பட்டது. சான்று வழங்கும் அமைப்புகளையும் தேர்வு நடத்தும் அமைப்புகளையும் அங்கீகரிப்பது அதன் வேலை. அழகுக்கலையில் அப்படிச் சான்று வழங்குவது பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டார் ஸ்கில் கவுன்சில். ஐ.டி.ஐ.க்களில் ‘காஸ்மெட்டாலஜி’ என்ற ஓராண்டுப் படிப்பு உண்டு. அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால் என்.டி.சி. எனப்படும் தேசிய தொழிற்சான்றிதழ் கிடைக்கும். வெளிநாடு போக நினைப்பவர்கள் நாடும் சர்வதேச டிப்ளமோக்களில் ஒன்று, 1946-ல் தொடங்கப்பட்ட சிடெஸ்கோ வழங்குவது.

உடம்போடு விளையாடும் தொழில்

இது வெறும் வேலைவாய்ப்புப் பிரச்னை அல்ல. ஹேர் டையில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓட நேரிடும். அதனால்தான் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். கலரிங்கில் சேர்க்கும் டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவிகிதம். தயோகிளைகோலேட் கிரீமில் ரீபாண்டிங் செய்த முடிமீது சோடியம் ஹைட்ராக்ஸைடு ரிலாக்ஸரைப் போட்டால், முடி உடைந்து கையோடு வந்துவிடும். 30 நாள் கோர்ஸில் மணப்பெண் மேக்கப்புக்கே நாள் போதாதபோது, இதையெல்லாம் சொல்லித்தர நேரம் எங்கே இருக்கும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காஸ்மெட்டாலஜி லைசென்ஸ் வாங்க 1,000 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம். நம் நாட்டில் பியூட்டிஷியனுக்கு அப்படி லைசென்ஸ் தேர்வே கிடையாது. பார்லர் திறக்க உள்ளாட்சியின் வணிக உரிமம் வாங்குவார்கள். அது கடைக்குத்தானே தவிர, கைத்திறனுக்கு அல்ல. எனவே, வாடிக்கையாளருக்கும் கற்கும் பெண்ணுக்கும் இருக்கும் பாதுகாப்பு, நல்ல பயிற்சியும் வெளியார் வைக்கும் தேர்வும்தான்.

வங்கிக் கடனிலும் இது எதிரொலிக்கும். 2015-ல் வந்த திறன் பயிற்சிக் கடன் திட்டத்தின் உச்சவரம்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. 2024-ல் அது ஏழரை லட்சமாக உயர்ந்தது. ஆனால், திட்டத்தின் விதிகளுக்குள் வரும் படிப்புக்குத்தான் கடன். மற்றவர்களுக்குக் கந்துவட்டிதான் கதி.

எப்படிச் சரிபார்ப்பது?

படித்து முடித்த மாணவி ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வழங்கிய அமைப்பின் பெயரையும் க்யூ.ஆர். கோடையும் பாருங்கள். அந்த அமைப்பு என்.சி.வி.இ.டி. இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல கிளைகள் உள்ள நிறுவனமென்றால், நீங்கள் சேரப்போகும் கிளைக்கு அங்கீகாரம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். பிராக்டிகல் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு நாற்காலியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவருக்குப் போட்ட டவலை அடுத்தவருக்கும் போடுகிறார்களா என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கோர்ஸ் பெயர் எழுதிய ரசீது இல்லாமல் முன்பணம் தராதீர்கள்.

அங்கீகாரம் இல்லாத சிறிய பார்லர்களிலும் அபாரமான கைத்திறன் கொண்ட அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தொழில் கற்றது வீண் அல்ல. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். முறையில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் மதிப்பீட்டுக்கு உட்பட்டுச் சான்று பெற வழி இருக்கிறது. நாள் முழுக்க நின்று, கால் வலிக்கக் கற்ற தொழிலுக்கு எந்த ஊரிலும் செல்லும் சான்று கிடைப்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. அதைக் கேட்டு வாங்குங்கள்.